கடல் அறியாத உயிரொலி

கடல்நாய்களும் மனிதர்களும் பேசிக்கொண்ட காலம் அது. ஆங்கிலம் பேசியவர்களின் தீவில் பாட்டனும் பேத்தியும் எந்தச் சொல்லையும் ஒரேமாதிரிதான் சொன்னார்கள். வீட்டை ‘ஹூஸ்’ என்றார்கள்.

தன்னில் மூழ்கியவர்களின் குரல்களைக் கடல் சேர்த்துவைத்திருந்தது. பனிமூட்டம் வந்தால் அந்தக் குரல்களில் கூப்பிடும். நம்பிப் போனவர்கள் திரும்பியதில்லை.

ஒரு மாலை, மில்ட்ரெட்டின் மகள் ஹில்டா சிப்பி பொறுக்க மணல்திட்டுக்குப் போயிருந்தாள். திடீரென்று பனி மூடியது. நீர் ஏறியது. மில்ட்ரெட் கரைக்கு ஓடிவந்து, “ஹில்டா! ஹூஸ்! ஹூஸ்!” என்று கத்தினாள்.

கடலுக்குள்ளிருந்தும் “ஊ... ஊ...” என்று எழுந்தது. மில்ட்ரெட்டின் மூழ்கிப்போன அக்காவின் குரல்.

“அம்மா, எந்தப் பக்கம் இருக்கே?” தொலைவில் ஹில்டா அழுதாள்.

பாறைமேல் கிடந்த கடல்நாய் தலை தூக்கியது. “எதைச் சொல்லிக் கத்தினாலும் மெய்யொலிகளைப் பனி தின்றுவிடும். உயிரொலி மட்டும்தான் அவளிடம் போகும். உங்கள் உயிரொலிகள் எல்லாமே கடலுக்குத் தெரியும்.”

“தெரியாத ஒன்றைச் சொன்னால்?”

“அப்படி ஒன்று உங்களிடம் இல்லையே.”

மில்ட்ரெட் வாயை அகலத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ‘ஆ’ என்று தொடங்கி, உதடுகளைக் குவித்து ‘ஊ’வில் முடித்தாள். “ஹவுஸ்!”

யாரும் அதுவரை கேட்டிராத ஒலி. கடல் வாயடைத்துப் போனது. அலைகூட உடையாமல் நின்றது. பரந்த அந்த மௌனத்தில் ஒரே குரல்தான் ஒலித்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஹில்டா மார்பளவு நீரில் நடந்து கரையேறினாள்.

“நீதானா அம்மா அது? யாரோன்னு நினைச்சேன்.”

“நானும்தான்,” என்றாள் மில்ட்ரெட், மகளை இறுக அணைத்தபடி.

“இப்படிப் பேசுகிறவர்களும் ஒருநாள் மூழ்குவார்கள். கடல் இதையும் கற்றுக்கொள்ளும்,” என்றது கடல்நாய்.

ஹில்டா குளிரில் பல் கிடுகிடுக்கச் சொன்னாள்: “கத்துக்கட்டும். என் பிள்ளைங்க வேற மாதிரி சொல்லுவாங்க.”

அவர்களுக்கும் பின்னால் வரப்போகிறவர்களின், தான் ஒருபோதும் கேட்கப்போகாத ஒலிகளை நினைத்தபடி மில்ட்ரெட் மகளை வீட்டுக்கு நடத்திச் சென்றாள்.

அப்போது தொடங்கியதுதான்: ஆங்கிலம் பேசும் வீடுகளில் எழுத்து பழையபடியே இருக்க, உயிரொலி மட்டும் ஒவ்வொரு தலைமுறையின் வாயிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.