பாயில் மிச்சமிருந்த இடம்

தவசிலிங்கம் அண்ணாச்சி மடத்துக்கு வந்து சீடரானபோது அவருக்கு வயது அறுபது. குரு சிதம்பர சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நூல் மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர் ஆயிற்றே என்று மடத்துச் சமையல்கட்டை அவர் பொறுப்பில் விட்டார் சாமி. சாமியும் அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

பொறுப்பேற்று இரண்டு வருஷம். இரண்டு வருஷமும் குருபூசைச் சாப்பாடு சொதப்பல். பௌர்ணமிச் சாப்பாட்டிலும் இதே கதைதான். முதல் பந்தி ரசித்துச் சாப்பிடும். மூன்றாம் பந்திக்கு மேல் ஜனங்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள். சாமிக்குப் படைத்த சோற்றில் குறை சொல்லக் கூடாது என்று அந்த ஊரில் ஒரு வழக்கம். அதனால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இலையை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தக் குருபூசையும் இப்படி ஆனால் சமையலை வெளியூர்க் காண்ட்ராக்டருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மடத்துக் கமிட்டி சொல்லிவிட்டது. சமையல்கட்டில் இருபத்திரண்டு பேர். அத்தனை பேர் வீட்டு அடுப்பும் இதை நம்பித்தான் எரிகிறது. அந்த நினைப்பிலேயே அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

குருபூசைக்கு இன்னும் ஒரு மாதம். சமையல்கட்டில் நீளமான கோரைப்பாயை விரித்துக் கூட்டம் போட்டார். தலைமைச் சமையல்காரர் அம்பலவாணன், அவருக்கு அடுத்தபடி நாலு பேர், பரிமாறுகிறவர்களில் மூத்தவர் ஒருவர். அம்பலவாணன் பேசினார். மற்றவர்கள் "ஆமா, ஆமா" என்றார்கள். சாம்பார்ப் பொடியை மாற்றுவது என்று முடிவாயிற்று. போன வருஷம் பருப்பை மாற்றியிருந்தார்கள்.

சாமி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க சாமி. பாயில இடம் நெறையக் கெடக்கே."

"கெடக்கு. அதான் உட்காரல."

சாமி எப்போதும் இப்படித்தான். ஒரு வார்த்தை சொல்லுவார், கேட்டவருக்கு மண்டை காயும்.

கூட்டம் கலைந்ததும் அண்ணாச்சி அவரிடம் போய் நின்றார்.

"எல்லாரையும் கலந்துதான சாமி செய்யுதேன்? மில்லுல அதட்டுன மாதிரி இங்க அதட்டக்கூட இல்ல. பெறகும் ஏன் இப்படி ஆகுது?"

சாமி சுவரோரம் கவிழ்த்திருந்த இலை அள்ளும் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்குப் பௌர்ணமி. நீங்க இலை எடுங்க."

"நானா?"

"கனமா இருந்தா மாடத்திகிட்டக் குடுங்க. அவ பழகினவ."

மாடத்தி பதினைந்து வருஷமாக அந்த மடத்தில் சாப்பிட்ட இலை எடுப்பவள். அண்ணாச்சி அவளோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது கிடையாது.

மறுநாள் முதல் பந்தியில் கூடை லேசாகத்தான் இருந்தது. மூன்றாம் பந்தியில் அண்ணாச்சிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"இதுக்கே மூச்சு வாங்குதா அண்ணாச்சி? நாலாம் பந்தி இன்னும் கனக்கும்," என்று சிரித்தாள் மாடத்தி.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கூடைய நான்தான தூக்குதேன்? முத ரெண்டு பந்தி இலை தொடைச்சு வச்ச மாதிரி இருக்கும். மூணுலருந்து சாம்பார்ச் சோறும் ரசமும் அப்படியே நிக்கும். அப்பளமும் பொரியலும் மட்டும் காலி."

"அடப்பாவி, இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"யாருட்டச் சொல்ல? நீங்க பாய் விரிக்கையில நான் பின்னால கூடை கழுவிக்கிட்டு இருப்பேன்."

அண்ணாச்சி கையைக் கழுவிவிட்டு ஓடினார். மூன்றாம் அண்டாச் சாம்பாரை உள்ளங்கையில் வாங்கி நக்கினார். உப்புக் கரித்தது. அம்பலவாணனைக் கையோடு இழுத்து வந்து அவர் நாக்கிலும் வைக்கச் சொன்னார். மடத்து முறைப்படி, சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது; சமையல்கட்டு ஆட்கள் சாப்பிடுவது மடத்தின் ஆதிகுரு சமாதியில் படைத்த முதல் அண்டாவிலிருந்து எடுத்து வைத்ததைத்தான். மூன்றாம் அண்டாவை அவர்கள் ஆயுசில் ருசித்ததில்லை.

"அடக் கொடுமையே! எல்லா அண்டாவுக்கும் ஒரே அளவு உப்புத்தான போடுதேன்!" என்றார் அம்பலவாணன்.

"தண்ணி?" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற மாடத்தி.

தண்ணீர் இறைக்கும் ஐயாக்குட்டியைக் கூப்பிட்டார்கள்.

"மேலக்கிணறு ரெண்டு அண்டாவோட வத்திரும். ரெண்டு வருசமா மழை எங்க பெஞ்சுது? பெறகு தெக்குக் கிணறுதான். அது உவர்த் தண்ணில்லா! தண்ணி கொண்டாம்பாங்க, கொண்டாருவேன். எந்தத் தண்ணின்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

அம்பலவாணனுக்கு முகம் சிவந்துவிட்டது. இலை எடுக்கிறவளும் தண்ணீர் இறைக்கிறவனும் தன் சமையலைப் பற்றிப் பேசுவதா? முறைத்தார். பிறகு கையில் ஒட்டியிருந்த சாம்பாரை இன்னொரு தரம் நக்கிப் பார்த்தார்.

"என்ன செய்யலாம்? நீயே சொல்லு தாயி," என்று மாடத்தியிடம் கேட்டார்.

"அண்டா குண்டா கழுவுததுக்கும் மேலக்கிணத்துத் தண்ணியத்தான ஊத்துதோம்? கழுவ உவர்த் தண்ணி போதாதா?"

"மூணு நாளு முன்னாலயே ஊற ஊற எறைச்சுத் தொட்டியில நெரப்பிருதேன்," என்றான் ஐயாக்குட்டி.

"மூடி போட்டு வையி," என்றார் அம்பலவாணன்.

சூப்பர்வைசருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சாம்பார்ப் பொடி பழையபடியே இருந்தது.

குருபூசை அன்று ஐந்து பந்தி. மூன்றாம் பந்தியில் "சாம்பார் இங்க!" என்று ஒரு குரல் கேட்டது. நாலாம் பந்தியில் கமிட்டித் தலைவரே ரசத்துக்கு இரண்டாம் தரம் கையைக் குவித்து நீட்டினார்.

"சாமி சோத்துல குறைதான சொல்லக் கூடாது? நல்லாருக்குன்னு சொல்லலாம்லா?" என்று ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்க, பந்தியே சிரித்தது. அதற்குப் பிறகு காண்ட்ராக்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஐந்தாம் பந்தி முடிந்ததும் மாடத்தி கூடையை ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். "அண்ணாச்சி, பாத்தியளா!"

அண்ணாச்சி பார்த்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மில்லில் முப்பது வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் அதே பாயை விரித்தார். இருபத்திரண்டு பேரையும் தானே போய்க் கூப்பிட்டு வந்தார். கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு ஓரமாக நின்ற மாடத்தியைப் பார்த்து, "நடுவுல வா தாயி," என்று தள்ளி உட்கார்ந்தார் அம்பலவாணன். முட்டியோடு முட்டி இடித்தது. ஒரே பேச்சுச் சத்தம்.

சாமி வாசல்படியில் வந்து நின்றார்.

அண்ணாச்சி பதறி எழுந்தார். "ஐயையோ, சாமி! உட்கார இடமே இல்லையே!"

சாமி மாடத்தியின் கூடையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, வெறுந்தரையில் சம்மணம் போட்டார்.

"இப்ப உட்காரலாம், அண்ணாச்சி."