துப்பட்டா முடிச்சு

“பிள்ளையைக் கட்டிப் போட்டுட்டேன் சாமி. பாவமா?”

கேட்கும்போதும் தமயந்தி டீச்சர் நிதினின் கையை விடவில்லை. ஏழு வயசுப் பையன். பேச்சு வராது. கண் அசந்தால் ஓடிவிடுவான். அவன் அம்மா மில்லிலிருந்து வர ஆறு மணியாகும், அதுவரை டீச்சரோடுதான். மடத்துச் சாமியைப் பார்க்கவும் அவனை இழுத்துக்கொண்டே வந்திருந்தாள்.

“எதால கட்டினேம்மா?”

“என் துப்பட்டாவால. பெஞ்சுக் காலோட.”

“ஏன்?”

“போன வாரம் போர்டுப் பக்கம் திரும்பினேன். ரோட்டுக்கு ஓடிட்டான். லாரிக்காரன் பிரேக் போட்டதால உசுரோட இருக்கான்.”

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்று அரசாங்க ஆர்டர். நல்ல ஆர்டர்தான், யார் இல்லையென்றார்கள்? ஃபேன் காற்றில் உட்கார்ந்து போட்டவர்கள், கூட ஓர் ஆளைப் போட மட்டும் மறந்துவிட்டார்கள். சிறப்பு டீச்சர் செவ்வாய்க்கிழமை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளோடு தமயந்தி ஒருத்திதான்.

“நாளையிலேர்ந்து அனுப்பாதீங்கன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிடட்டுமா சாமி? அனுப்பலேன்னா வீட்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போவாங்க.”

சாமி சிரித்தார்.

“குழந்தை தெய்வம்மா. தெய்வத்தை யாராவது கட்டுவாங்களா? அன்பாப் பிடிச்சா நிப்பான். இங்க குடு.”

கையை வாங்கிக்கொண்டார். நிதின் நின்றான். சமர்த்தாக நின்றான்.

தமயந்திக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சீ, நானெல்லாம் ஒரு டீச்சரா?

“பார்த்தியா?” சாமி அவள் பக்கம் திரும்பினார். “மனசு மட்டும்...”

அவ்வளவுதான். அவர் கை காலி.

தமயந்தி செருப்பில்லாமல் ஓடினாள். சாமியும் ஓடினார். மடத்துக் குளத்தில், தண்ணீர் பையனின் கழுத்துக்கு வந்தபிறகுதான் அவன் சட்டைக் காலர் அவள் கைக்குச் சிக்கியது.

சாமி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நிதின் சிரித்தான். மறுபடியும் தண்ணீரைப் பார்த்தான்.

சாமி தோளில் கிடந்த காவித் துண்டை எடுத்தார். ஒரு முனையை நிதினின் மணிக்கட்டில் கட்டினார். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

நிதின் இழுத்தான். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. வீறிட்டு அழுதான்.

சாமி தலையை நிமிர்த்தவில்லை.

“நோகாம எப்படிம்மா முடிச்சுப் போடறது?”

“அப்படி ஒரு முடிச்சு கிடையாது சாமி.”