சுருளிக்கு நீல வால் வந்த விதம்

பூமியும் புல்லும் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு, விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மண்டலமும் பல்லாயிரம் கோடி விண்மீன்களைச் சுமந்தபடி தட்டையாக, கைகளை விரித்துச் சுழன்றுகொண்டிருக்கும். அந்த விண்மீன்களுக்கு நடுவே குளிர்ந்த வாயு பரவிக் கிடக்கும். வாயு ஓரிடத்தில் திரண்டு இறுகினால் அங்கே புதிதாக ஒரு விண்மீன் பிறக்கும். அப்போதும் வெளியில் தனித்துத் திரிந்த எந்த மண்டலத்தைப் பார்த்தாலும் நீலமாகத்தான் இருந்தது. வேறு நிறம் உண்டென்றே அவற்றுக்குத் தெரியாது.

அந்த மண்டலங்களில் மயிலம்மையும் சுருளியும் அக்கா தங்கை. ஆளில்லாத ஒரு பெருவெளியில் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். தொலைவில் ஆயிரம் மண்டலங்கள் நெருக்கியடித்து வாழும் பெருங்கூட்டம் ஒன்று இருந்தது.

"ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. நான் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன்" என்று ஒருநாள் மயிலம்மை புறப்பட்டாள்.

போனவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவளுடைய ஒளி மட்டும் வந்துகொண்டிருந்தது. சுருளி அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் நீலமாக வந்த ஒளி வெளுத்தது. பிறகு மஞ்சளானது. கடைசியில் சிவந்தே போனது.

சுருளிக்கு அக்கம்பக்கம் என்று இருந்தவர் வேலப்பன் ஒருவர்தான். அவர் வீட்டிலிருந்து ஒளி வந்து சேரவே இருபது லட்சம் ஆண்டு ஆகும்.

"அண்ணே, என் அக்கா ஏன் இப்படிச் சிவந்துவிட்டாள்?" என்று கேட்டாள் சுருளி.

"வயதாகியிருக்கும்."

"வயது எனக்கும்தான் ஆகிறது. நான் சிவக்கவில்லையே."

வேலப்பன் சற்று யோசித்தார். "அங்கே போன யாரும் திரும்பி வந்ததில்லை, சுருளி. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு நான் போகமாட்டேன்."

"எனக்கு அந்த ஏன் தெரிந்தாக வேண்டும்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

கொஞ்ச தூரம்தான் அவளாகப் போனாள். அப்புறம் கூட்டமே அவளை இழுத்தது. வேகம் ஏற ஏற, ஏதோ ஒன்று அவள் முகத்தில் அழுந்தியது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கொதித்தது.

"யார் அது?" என்றாள்.

"நான் அனல்" என்றது அது. "இந்தக் கூட்டத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் முழுக்க நான்தான்."

"என்னை ஏன் தள்ளுகிறாய்?"

"நான் தள்ளவில்லை, அம்மா. நின்ற இடத்தில் நிற்கிறேன். நீதான் ஓடி வந்து என்மேல் மோதுகிறாய்."

சுருளி நிற்கப் பார்த்தாள். முடியவில்லை. அப்போது ஒன்று நடந்தது. அனல் அழுத்திய பக்கத்தில் அவளுடைய வாயு நெருங்கி இறுகி, விண்மீன்கள் நூறு நூறாகப் பிறந்தன. நெற்றி முழுதும் நீலம் பொங்கியது. இத்தனை பிறப்பை அவள் ஒருபோதும் கண்டதில்லை. இவ்வளவு நன்றாக இருக்கிற இடத்தில் அக்கா ஏன் சிவக்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

சற்றுப் பொறுத்து முதுகுப் பக்கம் லேசாவது போல் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். அவளுடைய விளிம்பிலிருந்து வாயு கழன்று பின்னால் போய்க்கொண்டிருந்தது. விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அனல் அவற்றின் இடுக்குகளில் புகுந்து வாயுவை மட்டும் உருவிக்கொண்டிருந்தது.

"சுருளியா? நீ எதற்கு வந்தாய்?"

குரல் பழகியது. உருவம் பழகவில்லை. சுழன்று விரிந்த கைகள் எதுவும் இல்லாமல், முட்டை போல மழமழவென்று, சிவந்து நின்றாள் மயிலம்மை.

"உன் ஒளி சிவந்து வந்தது, அக்கா. என்னவென்று பார்க்க வந்தேன்."

"பார்த்துவிட்டாய் அல்லவா" என்றாள் மயிலம்மை. "நீல விண்மீன்களுக்கு ஆயுள் குறைவு. சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். புதிதாகப் பிறந்துகொண்டே இருப்பதால்தான் நாம் நீலமாக இருந்தோம். எனக்குப் பிறப்பு நின்று எவ்வளவோ காலமாயிற்று. மிச்சமிருப்பவை சிவந்த கிழங்கள். அவை அவசரமில்லாமல் எரிகின்றன."

"உன் வாயு எங்கே?"

"அனலிடம்."

சுருளி அனலைப் பார்த்துக் கேட்டாள். "அதைத் திருப்பித் தரக் கூடாதா?"

"தரலாம். ஆனால் என்னோடு கலந்ததெல்லாம் கொதித்துப்போயிற்று" என்றது அனல். "கொதிக்கிற வாயு திரளாது. வாங்கி என்ன செய்வாய்?"

சுருளி அக்கா பக்கம் திரும்பினாள். "இதை ஏன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை?"

"வெட்கமாக இருந்தது" என்றாள் மயிலம்மை. "நான்தானே ஆசைப்பட்டு வந்தேன். வந்தபோது பயந்துபோய், இருந்த வாயுவை எல்லாம் பொத்திப் பொத்தி வைத்தேன். ஒன்றையும் இறுகவிடவில்லை. பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிற்பாடு எதுவும் மிஞ்சவில்லை. நீயாவது நடுவில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள். கொஞ்ச காலமாவது தாங்கும்."

சுருளி தன் பின்னால் போகும் வாயுவைப் பார்த்தாள். அது அவளை விட்டுப் போயிருந்தாலும் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.

"அனலே, என்னிடமிருந்து போகிற வாயு கொதிப்பதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?"

"சில கோடி ஆண்டு."

"அது போதும்" என்றாள் சுருளி.

இழுத்துப் பிடித்திருந்த வாயுவை அவள் தளர்த்திவிட்டாள். போகிற வாயுவைப் பார்த்து, "என்னிடம் திரும்பி வரப் பார்க்காதீர்கள். கொதிப்பதற்குள் இருக்கிற இடத்திலேயே திரண்டுவிடுங்கள்" என்று சொன்னாள்.

நீண்டு கிடந்த வாயுவில் அங்கங்கே முடிச்சு விழுந்தது. முடிச்சுகள் இறுகின. அதுவரை ஒரு விண்மீனும் எரிந்திராத வெறும் வெளியில், ஒன்று, பத்து, ஆயிரம் என்று நீலப் புள்ளிகள் பற்றிக்கொண்டன. சுருளி முன்னே போகப் போக அந்த வால் பின்னே நீண்டது. கூட்டத்து மண்டலங்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தன. அங்கே பிறப்பு என்பதையே பலர் மறந்துபோயிருந்தார்கள்.

"அவை உன்னோடு வராதே, சுருளி" என்றாள் மயிலம்மை.

"வராது."

"உனக்கென்று ஒன்றும் இருக்காதே."

"பிறந்துவிட்டன, அக்கா" என்றாள் சுருளி.

கூட்டத்தின் நடுவைக் கடந்தபோது அவளிடம் குளிர்ந்த வாயு ஒரு பிடியும் இல்லை. நெற்றியில் பிறந்த நீலங்கள் ஒவ்வொன்றாக எரிந்து தீர்ந்தன. அவளும் வெளுத்து, மஞ்சளாகி, சிவந்து, அக்காவின் அருகே தங்கிவிட்டாள். வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. அதன் பிறகு இருவரும் பேசாமல் இருந்ததே இல்லை.

அவளுடைய ஒளி வேலப்பனை எட்டியபோது, அந்த வால் என்னவாக இருக்கும் என்று அவர் நெடுங்காலம் யோசித்தார். போய்ப் பார்க்கவில்லை. தனியாக, நீலமாக, இருந்த இடத்திலேயே சுழன்றார்.

அதனால்தான் வெளியில் தனித்துத் திரியும் மண்டலங்கள் நீலமாகவும், கூட்டத்துக்குள் நெடுநாள் வாழ்பவை சிவந்தும் இருக்கின்றன. சுருளி போன நாள் தொட்டு, புதிதாக உள்ளே விழுபவை, குடை போல விரிந்து நூல் நூலாகத் தொங்கும் சொறிமீன் கடலில் போவது போல நீல இழைகளைப் பின்னால் விட்டுக்கொண்டே போகின்றன. அந்த இழைகளில் பிறந்த விண்மீன்கள் எந்த வீட்டையும் சேராமல் நடுவெளியில் எரிகின்றன.