எட்டுப் பல்லியும் கண்ணாடி போட்ட கொக்கும்

தெய்வசிகாமணி பேச ஆரம்பித்தால் தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும் என்று கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவர் வேறு யாருமில்லை, தெய்வசிகாமணிதான்.

அன்றைக்கு அவருடைய மாமனார் நாச்சிமுத்துவுக்கு மணிவிழா. தாலி கட்டி முடிந்தது. பந்திக்கு முன்னால் மண்டபத்துப் பெரிய திரையில் பழைய குடும்பப் படங்களைப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. படங்கள், ஊர் உலகமே சேர்ந்து எழுதும் 'ஓப்பன் சோர்ஸ்' மென்பொருளான லினக்ஸில் ஓடும் சிகாமணியின் லேப்டாப்பில் இருந்தன. அதில் மட்டும்தான் இருந்தன. ஆல்பத்தைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. போன்களில் இருந்த நகல்களையோ, "ஊர் பேர் தெரியாத கம்பெனிக்காரனெல்லாம் எட்டிப் பார்ப்பான், அழிச்சுப்போடுங்க" என்று வீடு வீடாகப் போய் அழிக்க வைத்த புண்ணியவான் இவர். மாமனாருடைய அம்மாவுக்கு இருந்த ஒரே படமும் அதற்குள்தான் இருந்தது.

இப்போது லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. சிகாமணிக்கு அது வரவில்லை.

தினமும் காலையில் கை தானாகத் தட்டும் பாஸ்வேர்டு. இன்று மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, கை எங்கெங்கோ போயிற்று. ஒருமுறை தட்டினார், தப்பு. மறுபடி தட்டினார், அதுவும் தப்பு. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் அடைக்கும், சிகாமணிக்குத் திறக்கும்.

"ஏனுங்ணா, தெறக்க மாட்டேங்குதுங்களா?" என்றார் பூபதி. மைத்துனியைக் கட்டிய சகலை. சத்தியமங்கலத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர் என்பதால் சந்தேகப்படுவதற்குத் தனக்குத்தான் முதல் உரிமை என்று நினைப்பவர்.

"தெறக்கறதுக்கா தம்பி லினக்ஸ் போட்டிருக்கேன்? பூட்டறதுக்குத்தான்!" என்றார் சிகாமணி. "உங்க கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தா, மாமன் மச்சானாட்டம் பொட்டி படுக்கையோட தங்கிரும். எனக்கும் ஒண்ணு வந்துச்சு. ஒரு கதவும் தெறக்கலை. குடிக்கத் தண்ணி கேட்டுச்சு. 'பாஸ்வேர்டு போடு'ன்னுருச்சு லினக்ஸு. பாவம், பட்டினியிலயே செத்துப்போச்சு."

"காரியமெல்லாம் பண்ணுனீங்களாண்ணா?"

"மொட்டை மட்டும் அடிக்கலை."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புச் சந்தடியில் இன்னொருமுறை தட்டிப் பார்த்தார். தப்பு.

"அதை உடு. விளம்பரக் கம்பெனிக்காரன் இருக்கானே, நீ என்ன சோப்புப் போடறேன்னு உனக்கு முந்தி அவனுக்குத் தெரியும். என்னையப் பத்தி மட்டும் ஒரு துப்பும் கிடைக்கலை. கடைசியில டை கட்டுன ஆளு ஒருத்தனையே பஸ் ஏத்தி உட்டுட்டான். வந்து கேட்டுல நின்னு, 'ஐயா, நீங்க என்ன சோப்புங்க?'ன்னு கேக்கறான். சொல்ல மாட்டேன்னுட்டேன். 'வாசமாவது பார்த்துட்டுப் போறனுங்க'ன்னு அழுவறான்!"

"கிட்ட உட்டீங்களா?"

"ரெண்டு நாள் குளிக்காம இருந்தேன்."

அது மட்டும் நிஜமாயிருக்கும் என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிகாமணி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் எல்லாம் திரையில் மினுக்கிய அந்தக் காலிக் கட்டத்தில்தான் இருந்தது.

"லினக்ஸுல கேம் ஆட முடியாதுன்னு சொல்லுவானுங்க. இதே ஓட்டை லேப்டாப்புல கார் ரேஸ் ஆடுனேன். லினக்ஸ் குடுத்த வேகத்துல என் காரு ஒரு சுத்து முடிச்சு, எனக்குப் பின்னாடியே வந்து, ஒதுங்குடான்னு என்னையே பார்த்து ஹாரன் அடிக்குது. அந்தச் சூட்டுல உங்கக்கா ஒரு படி வடகம் காய வெச்சுட்டா. வேணும்னா கேளு!"

மனைவி கோகிலவாணி சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். "வடகமெல்லாம் வெய்யில்ல காஞ்சதுங்க. கேமுல சத்தமே வரலீன்னு ராத்திரி பூரா இவரே வாயில டுர்ருன்னு ஓட்டிட்டு இருந்தாரு. ஹாரனும் இவருதான்."

மண்டபம் அதிர்ந்தது. வேறு ஆளாயிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். சிகாமணி ஒரு படி மேலே ஏறினார்.

"உலகத்துலயே பெரிய ஹேக்கர் ஒருத்தன் இதை உடைக்க வந்தான். ஒரு நிமிஷம் நான் தொடலீன்னா தானாப் பூட்டிக்கற மாதிரி வெச்சிருக்கேன். அவன் ஒரு பூட்டை உடைக்கறதுக்குள்ள அடுத்த பூட்டு விழுந்துருது. சலிச்சுப்போய் எனக்கே போன் பண்ணி, 'அண்ணா, எங்க ஊட்டுக்கும் இதே பூட்டைப் போட்டுக் குடுங்க'ன்னான். போட்டுக் குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் அவன் ஊட்டுக்கு வெளியிலதான் படுத்திருக்கான்!"

அதற்குள் மாலையும் கழுத்துமாக நாச்சிமுத்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றிருந்தார்.

"மாப்ள, எங்கம்மா படம் வந்துருமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சிகாமணி இத்தனை நேரம் அவிழ்த்துவிட்ட புளுகில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்கு உதவவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, கடவுளை நினைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தப்பு. அந்த அம்மாவைத் தன் கையாலேயே பூட்டி, சாவியையும் தொலைத்துவிட்டோமே என்று கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க," என்றார் கோகிலவாணி, "கம்முனு தட்டுனா எப்படிங்க வரும்? தெனமும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானுங்க தட்டுவீங்க?"

"நானா? வாய்விட்டா?"

"ஊருக்கே கேக்குமுங்க. எட்டுப் பல்லி..."

"ஓட்டைச் சைக்கிள்," என்றார் மணவறையிலிருந்து மாமியார்.

"கத்தரிக்காக் கொழம்பு," என்றார் பூபதி. "போன மாசம் உங்க ஊட்டுல தங்குனப்ப கேட்டதுங்ணா."

"கண்ணாடி போட்ட கொக்கு!" என்று பந்தியில் இடம் பிடித்திருந்த பால்காரர் அங்கிருந்தே முடித்து வைத்தார்.

வாய் சொல்லச் சொல்ல, சிகாமணியின் கை தானாக ஓடியது. லேப்டாப் திறந்தது. திரை முழுக்க, காதில் தண்டட்டியோடு, கேமராவை நம்பாத பார்வையோடு, நாச்சிமுத்துவின் அம்மா வந்து நின்றார்.

சிகாமணிக்கு உயிர் வந்தது. உயிரோடு வாயும் வந்தது. "பார்த்தீங்களா மாமா! இதுதான் ஓப்பன் சோர்ஸு! எழுதுறது ஒருத்தன், காப்பாத்தறது ஊரே சேர்ந்து. இந்த வசதி வேற எதுல..."

"கம்முனு இருங்க மாப்ள," என்றார் நாச்சிமுத்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கம்மாளப் பார்த்துக்கறேன்."

சிகாமணி கம்மென்று இருந்தார். கையைக்கூட அசைக்கவில்லை. சரியாக ஒரு நிமிஷம் ஆனதும் திரை கறுத்து, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது.

சிகாமணி பதறிப்போய் மாமனாரைப் பார்த்தார். நாச்சிமுத்து மாலையை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எட்டுப் பல்லி..."

மீதியை மண்டபமே சொன்னது.