மரவட்டையை வென்ற கரடி

மொத்தையன் என்ற கரடிக்கு இருபது வெற்றிகள். தோல்வி ஒன்றுகூடக் கிடையாது. அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவன் நடந்து வருகிற தோரணையே சொல்லிவிடும்.

அவன் இருந்த மூங்கிலாற்றுக் காட்டில் குத்துச்சண்டை என்றால் எல்லோருக்கும் உயிர். இலவம்பஞ்சைத் தேக்கிலையில் பொதிந்து, கொடியால் இறுக்கி, முன்னங்கால் இரண்டிலும் உறையாகக் கட்டிக்கொள்வார்கள். நகம் வெளியே தெரிந்தால் ஆட்டம் போச்சு. பல்லைக் காட்டினாலும் போச்சு. கீழே விழுந்தவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்துவிட வேண்டும்.

சாயங்காலங்களில் ஆற்றுமணலில் நடப்பது பழக்க ஆட்டம். அதற்குப் பரிசு கிடையாது. யாரும் யாரோடும் ஆடலாம்; வீங்கின முகத்தோடு வீட்டுக்குப் போகலாம். வருஷத்துக்கு ஒருமுறை, கோடை தொடங்கும்போது, பாறைக்களத்தில் நடப்பதுதான் பெரிய ஆட்டம். அதில் ஜெயித்தவரின் குடும்பத்துக்குத் தேன்பாறையில் தொங்குகிற ஆறு தேனடைகளும் சொந்தம். அதுவரை அவற்றை யாரும் தொடக்கூடாது என்பது காட்டின் கட்டுப்பாடு.

மொத்தையன் ஆற்றுமணல் பக்கம் தலைவைத்தே படுத்ததில்லை. அவனுக்கு ஆட்டம் பிடித்துக் கொடுத்தது கோணவாயன் என்ற நரி.

"அண்ணே, மணல்ல ஆடுறவங்க எல்லாம் சும்மா அடி வாங்குறவங்க! ஒரே ஒரு தோல்வி விழுந்தாப் போதும், உங்க பேரே கெட்டுப்போகும். நான் ஆள் பாத்துக் கூட்டிட்டு வரேன். நீங்க ஜெயிங்க, அது போதும்! தேன் கிடைச்சா எனக்கு ஒரே ஒரு அடை குடுங்க!"

நரி நன்றாகவே ஆள் பார்த்தான். ஒவ்வொருவரையும் அவன் அறிமுகம் செய்கிற அழகே அழகு. "இதோ வருகிறார் ஆயிரங்கால் வீரன்!" என்று ஒருநாள் முழங்கினான். வந்தது ஒரு மரவட்டை. மொத்தையன் உறையால் லேசாகத் தொட்டான். மரவட்டை சுருண்டுகொண்டது. நரி விறுவிறுவென்று பத்து எண்ணினான்.

"வெற்றி! பதினேழாவது வெற்றி!"

மரவட்டை சுருண்டபோது மொத்தையனுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் வெற்றி என்கிற சொல் காதுக்கு எவ்வளவு இனிப்பு! வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு மாதிரி காணாமல் போய்விட்டது. மனைவி குங்கிலியிடம் ஆயிரங்கால் வீரனைச் சாய்த்த கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொன்னான். இரண்டு குட்டிகளும் வாயைப் பிளந்து கேட்டன.

"இந்தக் கோடையில தேனடை நம்ம வீட்டுக்குத்தான்! ஆறும் நம்மளுக்குத்தான்!" என்று குட்டிகளுக்கு வாக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து குட்டிகள் வராத தேனை நினைத்து வெறுங்கையை நக்கிக்கொண்டு திரிந்தன. அதைப் பார்க்கப் பார்க்க மொத்தையனுக்கு ஆசை கூடியது. எப்படியும் ஜெயித்தே ஆகவேண்டும்!

கோடை வந்தது. ஆற்றுமணல்காரர்கள் தங்கள் சார்பில் மிளகி என்ற கருமந்தியை அனுப்பினார்கள். ஒல்லிக் குரங்கு. நீளக் கை. முப்பத்தோரு பழக்க ஆட்டம் ஆடியிருந்தாள். அதில் பதினான்கு தோல்வி.

"பதினாலா!" மொத்தையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பதினாலு தடவை தோத்தவளா எனக்கு எதிரி? பாவம், அந்தப் புள்ளையைப் பாத்து அடிக்கணும்!"

நரி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு வேறு கவலை. பெரிய ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மணி அடிப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் தாங்கள் இதுவரை மோதின எதிராளிகள் அத்தனை பேரையும் கூட்டிவந்து தங்கள் பக்கம் வரிசையாக நிறுத்த வேண்டும். ஜெயித்தவரோ தோற்றவரோ, வந்தவர் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதிராளி வரிசை என்று அதற்குப் பெயர்.

"அண்ணே, பாதிப் பேரு ஊர்ல இல்லன்னு சொல்லிடலாமா?" என்று நரி தலையைச் சொறிந்தான்.

"எதுக்குடா? இருபது பேரையும் கூட்டிட்டு வா! காடே பாக்கட்டும்!"

காடே பார்த்தது.

பாறைக்களத்தைச் சுற்றி மான், மயில், முயல், அணில் என்று இடம் கொள்ளாத கூட்டம். நடுவர் இருவாச்சிப் பறவை கொம்பு மூக்கை உயர்த்தி, "கரடியாரின் எதிராளிகள் வரலாம்!" என்றது.

முதலில் ஆமை வந்தது. அது வந்து சேர்வதற்குள் ஒரு பலாப்பழத்தையே உரித்துத் தின்றிருக்கலாம்.

"மணி அடிச்சதும் நான் தலையை உள்ள இழுத்துக்கிட்டேன்," என்றது ஆமை. "வெளிய எடுத்தப்போ நான் தோத்துட்டேன்னு சொன்னாங்க. சரின்னுட்டேன்."

கூட்டத்தில் எங்கோ ஒரு முயல் களுக்கென்று சிரித்தது. அடுத்து மூன்று தவளைகள். "அவர் வந்தாரு. நாங்க குளத்துல குதிச்சுட்டோம்!" என்று மூன்றும் ஒரே குரலில் சொல்லின. அப்புறம் தேவாங்கு. அதைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. "நானும் ஒரு குத்து விட்டேனுங்க," என்று அது கொட்டாவியோடு இழுத்தது. "அது போய்ச் சேர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுபோச்சு."

மரவட்டையின் முறை வந்தபோது அது கூட்டத்தைப் பார்த்துப் பயந்து மறுபடியும் சுருண்டுகொண்டது. இனி யார் அடக்குவது? களமே சிரிப்பில் ஆடியது. மயில் ஒன்று சிரித்து மாளாமல் கிளையிலிருந்து நழுவி விழுந்தது.

மொத்தையன் சிரிக்கவில்லை. வரிசையாக நிற்கிற இருபது பேரையும் அவன் அன்றைக்குத்தான் ஒன்றாகப் பார்த்தான். ஒவ்வொருவராக வந்தபோது ஒவ்வொரு வெற்றியாக இருந்தது. சேர்ந்து நின்றபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"மிளகியின் எதிராளிகள் வரலாம்!"

காட்டுப்பன்றி முன்னால் வந்தது. "மூணு தடவை மோதினோம். ரெண்டு தடவை நான் ஜெயிச்சேன். மூணாவது தடவை இவ ஜெயிச்சா. இன்னும் இந்தப் பக்கம் வச்சுக் கிழங்கு மெல்ல முடியல!"

அடுத்து வந்தது வரையாடு. "நாலு தடவையும் நான்தான் ஜெயிச்சேன். ஆனா அஞ்சாவது ஆட்டத்துக்குக் கூப்பிட்டா, எனக்கு வயித்துவலின்னு சொல்லிடுவேன்!"

கீரி வந்தது, உடும்பு வந்தது, முள்ளம்பன்றி வந்தது. தோற்றவரும் சரி, ஜெயித்தவரும் சரி, மிளகி என்ற பேரை எல்லோரும் மரியாதையாகச் சொன்னார்கள். இப்போது கூட்டம் சிரிக்கவில்லை.

அந்தக் காட்டுக்கு மணி மரங்கொத்திதான்; அது டக் டக் டக்கென்று காய்ந்த மரத்தைக் கொத்தியது. மூன்று சுற்றில் முதல் சுற்று ஆரம்பம்!

மொத்தையன் தன் பலத்தையெல்லாம் திரட்டி ஒரு குத்து விட்டான். காற்றுக்குத்தான் வலித்திருக்கும், மிளகி அங்கே இல்லை. இன்னொன்று விட்டான். அப்போதும் இல்லை.

"நிக்க மாட்டேங்கிறாளே!" என்று நரியிடம் கத்தினான்.

கத்தி முடிப்பதற்குள் அவன் மூக்கின் மேல் பொத்தென்று ஒன்று விழுந்தது.

மொத்தையன் திகைத்துப் போனான். இருபது ஆட்டத்தில் யாரும் அவனைத் தொட்டதே இல்லை. அவன் கைகளைத் தொங்கப் போட்டுவிட்டு நடுவரிடம் திரும்பினான்.

"இருவாச்சியாரே! இவ என்னை அடிக்கிறா!"

"அதுக்குத்தானேய்யா வந்திருக்கா!" என்றது இருவாச்சி.

இரண்டாவது சுற்றில் மிளகி இடது கையைக் காட்டி வலது கையால் கொடுத்தாள். மொத்தையன் தொப்பென்று உட்கார்ந்தான். தலைக்குள் வண்டு சுற்றியது. இருவாச்சி எண்ணத் தொடங்கியது. ஒன்று... இரண்டு... மூன்று...

கூட்டத்தின் ஓரத்தில் குங்கிலி நின்றிருந்தாள். குட்டிகள் கை நக்குவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தன. அந்தப் பார்வையை மொத்தையனால் தாங்க முடியவில்லை.

நரி களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கொடிக்கயிற்றோரம் வந்து கிசுகிசுத்தான். "அண்ணே, அப்படியே படுத்துக்குங்க! கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம்! பேரு கெடாது!"

ஏழு... எட்டு...

"போடா!" என்றான் மொத்தையன். ஒன்பது எண்ணும்போது அவன் எழுந்து நின்றுவிட்டான்.

மூன்றாவது சுற்றில் அவனும் கொஞ்சம் கற்றுக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு குத்துவதை விட்டுவிட்டு, மிளகியின் காலைப் பார்த்தான். அவள் எந்தப் பக்கம் கால் வைக்கிறாளோ அந்தப் பக்கம் விட்டான். ஒன்றே ஒன்று சரியாக விழுந்தது. மிளகி பறந்து போய்க் கொடிக்கயிற்றில் தொங்கினாள்! கூட்டம் ஓவென்று எழுந்தது. அவள் தோளைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்து பல்லைக் காட்டாமல் சிரித்தாள்.

"அட, இதுல்ல குத்து!"

ஆனாலும் ஒரு குத்து எத்தனை குத்துக்கு ஈடாகும்? மரங்கொத்தி கொத்தி முடித்ததும் இருவாச்சி மிளகியின் கையைத்தான் தூக்கியது. ஆறு தேனடையும் மந்திக் கூட்டத்துக்குப் போனது.

மொத்தையன் ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். வெட்கப்படாமல், மூக்கு ஒழுக, நன்றாகவே அழுதான். தோற்றதற்காக இல்லை; குட்டிகளுக்கு என்ன பதில் சொல்வது?

நரி மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "விடுங்கண்ணே! அடுத்த வாரத்துக்கு ஒரு நத்தை சிக்கியிருக்கு. சுழல்கோட்டை வீரன்னு பேரு வச்சிடலாம்!"

"நத்தையை நீயே அடிச்சுக்கோ!" என்று மொத்தையன் எழுந்தான்.

நேராக மிளகியிடம் போனான். "நாளைக்கு ஆற்றுமணலுக்கு வந்தா என்னைச் சேத்துக்குவீங்களா?"

"வாங்கண்ணே! ஆனா முதல் நாளே பன்றிகூடத்தான் ஆடணும். பரவாயில்லையா?"

"அடி பலமா விழுமோ?"

"பின்னே?"

மொத்தையன் வீங்கின மூக்கைத் தடவிக்கொண்டான். மறுநாள் போனான். பலமாகத்தான் விழுந்தது. வாரத்துக்கு மூன்று நாள் வீங்கின முகத்தோடு வீடு திரும்பினான். குங்கிலி பச்சிலை அரைத்துப் போட்டே அலுத்துப்போனாள். அந்த வருஷம் பதினைந்து ஆட்டம் ஆடி ஒன்பதில் தோற்றான். ஆறில் ஜெயித்தான். அந்த ஆறும் தொட்டதும் சுருண்டவர்களிடம் ஜெயித்தவை அல்ல.

அடுத்த கோடையில், போன வருஷம் ஜெயித்த மிளகி ஒதுங்கி இடம் விட, பாறைக்களத்தில் மொத்தையனுக்கு எதிரே நின்றது காட்டுப்பன்றி. மூன்று சுற்றும் மூச்சு முட்டுகிற ஆட்டம். கடைசியில் ஒரே ஒரு குத்து அதிகம் விட்டதற்காக இருவாச்சி மொத்தையனின் கையைத் தூக்கியது. தோற்ற பன்றியே ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டது.

அன்றைக்குத் தேன்பாறையின் அடியில் இரண்டு குட்டிகளும் காதுவரை தேனைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் வேடிக்கை பார்த்த ஒரு பன்றிக்குட்டி, "உங்கப்பா அப்படி என்ன பெரிய ஆளு?" என்று கேட்டது.

இருபது வெற்றியைப் பற்றி எந்தக் குட்டியும் மூச்சு விடவில்லை. சின்னக் குட்டி வாயில் இருந்த தேனை விழுங்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது:

"எங்கப்பா யார் தெரியுமா? மிளகி அக்காகிட்ட மூணு சுத்தும் நின்னு தோத்தவரு!"

எத்தனை பேரை வென்றோம் என்பதை வைத்து அல்ல, எப்படிப்பட்டவர்களோடு மோதினோம் என்பதை வைத்துத்தான் உலகம் நம்மை மதிக்கும்.