சொட்டாத குழாய்

மேலக்கொட்டாவிப்பட்டியில் யோசிக்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. அங்கே நடக்கும் கோளாறெல்லாம் அதனால் வருவதுதான்.

ஆவுடையப்பனின் மகள் செண்பகத்தைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முன்பு வந்தவர்கள், "வீடு ரொம்பப் பழசு" என்று எழுந்து போயிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை ஆவுடையப்பன், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீரை மிச்சப்படுத்தும் புதுக் குழாயை மாட்டினார். வெளியே வெள்ளிபோல் மின்னியது. உள்ளே பிளாஸ்டிக்.

'ஒரு சொட்டுகூடச் சொட்டாது' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. மாட்டிய அன்று மாலையே சொட்டியது.

தம்பிகள் பிரமநாயகமும் கோமதிநாயகமும் குழாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"குழாய்ல கோளாறோ?" என்றார் ஆவுடையப்பன்.

"அச்சடிச்சே போட்டிருக்கான் அண்ணே, எப்படிப் பொய்யாகும்? நாமதான் தப்பாத் திருகுதோம்" என்றார் பிரமநாயகம்.

இறுக்கினார்கள். வேகமாகச் சொட்டியது. இன்னும் இறுக்கினார்கள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதை உற்றுப் பார்த்தார்கள். அது சொட்டவில்லை.

"பாதி சரியாயிட்டு" என்று கோமதிநாயகம் கைப்பிடியைத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

மீதியைக் கட்டிங் பிளேயரால் எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். தண்ணீர் நூல்போல, ஆனால் அறாமல் ஓடியது.

"இப்போ சொட்டுதாலே?"

"இல்லண்ணே. ஓடத்தான் செய்யுது."

"அப்போ அட்டையில போட்டது சரிதான். இப்படியே கிடக்கட்டும்."

செண்பகம் பதறி வந்தாள். "யப்பா, மாடித் தொட்டி காலியாயிரும்! லாரித் தண்ணி இனி திங்கக்கிழமைதான்!"

"மூடினா சொட்டும்மா. வாரவங்க முன்னாடி குழாய் சொட்டினா நம்ம மானம் என்னாகும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு குடத்தையாவது கீழே வைத்தாள். தண்ணீர் அதில் விழும் சத்தம் சொட்டுவதுபோல் கேட்கிறது என்று கோமதிநாயகம் சித்தப்பா குடத்தை எடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை தொட்டி வறண்டது. குழாய் மௌனமானது.

"ஓடவும் இல்ல, சொட்டவும் இல்ல! குழாய் நல்லாப் பழகிட்டு!" அண்ணன் தம்பிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா தளவாய், கேசரி தின்ற கையைக் கழுவப் போனார். ஆவுடையப்பன் மரியாதையாகக் கட்டிங் பிளேயரை நீட்டினார். தளவாய் திருப்பினார். காற்றுதான் வந்தது.

கதவோரம் நின்ற செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இடமும் போச்சு.

"தண்ணி எங்க?" என்றார் தளவாய்.

"மிச்சப்படுத்துத குழாய் அண்ணாச்சி. எல்லாத்தையும் மிச்சப்படுத்திட்டு."

தளவாய் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையை வேட்டியில் துடைத்தார்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. நகை நட்டெல்லாம் வேண்டாம், இதுல ஒண்ணு வாங்கிக் குடுத்து அனுப்புங்க. எங்க வீட்டுல ஒரு குழாய் கிடக்கு. திறந்தா தண்ணி வந்துருது. மூடினா நின்னுருது. அதை வச்சுக்கிட்டு மனுசன் எப்படிக் குடும்பம் நடத்த?"