சுல்தான் தடை பண்ணின சுரம்

அரபு தேசத்துல ஒரு ஊருல, ஒட்டகமும் பேரீச்சையும் நிறைய இருந்த காலத்துல, ஒரு சுல்தான் இருந்தாராம். அவருக்கு சங்கீதம்னா உசிரு, காதுதான் கொஞ்சம் மந்தம்.

அந்த ஊருல ஹம்தான்னு ஒருத்தி. பூசணியைப் பாதியா வெட்டின மாதிரி வயிறு வச்ச நரம்பு வாத்தியம் ஒண்ணைச் சந்தையில உக்காந்து வாசிப்பா. வீணை மாதிரி அதுல விரல் வைக்க மெட்டுக்கட்டையெல்லாம் கிடையாது, விரல் எங்க வேணா நிக்கும். ரெண்டு சுரத்துக்கு நடுவுல ஒரு சுரம் தொடுவா பாரு, கேக்குறவங்களுக்கு மனசு உருகிடும்.

அரண்மனை வித்வான் முக்தாருக்கு அது வரல. வயித்தெரிச்சல். நேரா சுல்தான்கிட்ட போயி, "சுல்தானே, ஹம்தா தொடுற நடுச்சுரம் சுரமே இல்ல, அபசுரம். ராஜ்யத்துக்கே ஆகாது"ன்னான்.

"அப்படியா? இனிமே நடுச்சுரம் தொடுறவங்களை நாடு கடத்து!"

"எது நடுச்சுரம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"னு சேவகன் கேட்டான்.

"முக்தார் சொல்லுவான்."

அப்புறம் என்ன, முதல் நாள் தண்ணி விக்கிறவன் கூவினான், பிடின்னான் முக்தார். ரெண்டாம் நாள் ஒட்டகக்காரன் பாடினான், பிடின்னான். மூணாம் நாள் ஹம்தாவையும் பிடிச்சு, சுல்தான் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடின தாதியையும் பிடிச்சுட்டான். ஊருல தண்ணி இல்ல, ஒட்டகம் நகரல. சுல்தான் குழந்தை கண்ணே மூடாம கத்துது, பால் குடிக்கல, உடம்பு அனலாக் கொதிக்குது.

நாடு கடத்துறதுக்குன்னு அடைச்சு வச்சிருந்த எல்லாரையும் சுல்தான் சபைக்கு இழுத்துட்டு வரச் சொன்னாரு. "முக்தார், தாதியை நீதானே பிடிச்ச? நீயே பாடித் தூங்க வை. தூங்கலேன்னா சவுக்கடி!"

முக்தார் சுத்தமா, துளி பிசகாம பாடினான். குழந்தை இன்னும் வீறிட்டுச்சு. சவுக்கு மேல போனதும், "ஐயோ, என்னை விட்ருங்க சுல்தானே!"ன்னு ஓன்னு அழுதான். உடனே குழந்தை கப்புன்னு அடங்கி அவனையே பாத்துச்சாம். சிரிக்காத, கேளு.

"இது என்ன சுரம்?"னாரு சுல்தான்.

ஹம்தா சொன்னா, "நடுச்சுரந்தான் சுல்தானே. அழும்போது எல்லாருக்கும் அதுதான் வரும்."

சட்டம் சட்டந்தானே? முக்தாரைப் பாலைவனத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டாங்க. பிடிபட்டவங்களை எல்லாம் விட்டுட்டாங்க. ஹம்தா வாசிச்சா, தாதி பாடினா, குழந்தை பால் குடிச்சுத் தூங்கிச்சு.

சுல்தான் சட்டத்தை எடுத்தாரான்னு கேக்குறியா? எடுப்பாரா, கௌரவம் என்னாவறது! அது அப்படியேதான் இருந்துச்சு. எது நடுச்சுரம்னு சொல்லத்தான் ஆளில்ல. அடுத்தவங்க பாட்டை அடக்கப் போனவன் கதி இதுதான்.

கேட்ட காதுக்குச் சுகம், சொன்ன வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணி.